கரி அடுப்பில் கெட்ட வாடை: எப்போது வருகிறது என்று முதலில் பாருங்கள்

நீங்கள் கேட்டதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். செந்தூலில் தரைவீடு. முன் போர்ச்சில் வருடம் முழுக்க நிற்கும் உருண்டையான, மூடி வைத்த கரி கிரில், வாங்கி இரண்டு வருடம். போன மாதம் பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கோழியும் திருக்கை மீனும் சுட்டீர்கள். அதற்குப் பிறகு எப்போது மூட்டினாலும் ஒரு கெட்ட வாடை, "மண்ணெண்ணெயும் இல்லை, செத்த எலியும் இல்லை, ரெண்டுக்கும் நடுவில்" என்று எழுதியிருக்கிறீர்கள். புதுக் கரி வாங்கியும் போகவில்லை, சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை, கோழியிலும் அந்த வாடை ஏறுகிறது. அடுப்பைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று முடித்திருக்கிறீர்கள். ஆனால் நடுவில் "சின்னப் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள்" என்று ஒரு வரி இருக்கிறதே, அதுதான் உங்கள் மனதில் இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன். இது வெறும் நாற்றமா, அல்லது உடம்புக்கு ஆகாத எதுவும் எரிகிறதா? இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், நீளமாகத்தான் போகும்.

நான் பதினொரு வருடம் கோலாலம்பூரில் தந்தூரி அடுப்பில் நின்றவன், இப்போது எட்டு வருடமாக பினாங்கில் கல்யாணம், திறந்தவெளி விருந்து என்று கரியில் சுடும் கேட்டரிங் செய்கிறேன். வேதியியல் படித்தவன் இல்லை. உங்கள் அடுப்பை இங்கிருந்து மோந்து பார்க்கவும் முடியாது. அதனால் "காரணம் இதுதான்" என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதிய விதத்திலேயே ஒரு துப்பு இருக்கிறது. ஒரு வாடையை "ரெண்டுக்கும் நடுவில்" என்று ஒருவர் சொன்னால், என் அனுபவத்தில் பெரும்பாலும் அங்கே இரண்டு வாடைகள் சேர்ந்து வருகின்றன. இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. நீங்கள் கழுவியபோது ஒன்றில் பாதி போயிருக்கும், கரியை மாற்றியபோது இன்னொன்று மாறாமல் இருந்திருக்கும், அதனால்தான் எதுவுமே வேலை செய்யாத மாதிரி தெரிகிறது.

இரண்டையும் பிரிக்க நான் செய்வது ரொம்ப எளிது: வாடை எந்த நேரத்தில் வருகிறது என்று பார்ப்பேன். ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள், இறைச்சி எதுவும் வாங்க வேண்டாம். முதலில் அடுப்பு ஆறிக் கிடக்கும்போதே மூடியைத் திறந்து உள்ளே முகத்தைக் கொண்டுபோய் மோந்து பாருங்கள், அடியில் சாம்பல் விழும் தட்டையும் கழற்றித் தனியாக மோந்து பாருங்கள். அடுத்து உங்களிடம் இருக்கிற கரியில் ஏழெட்டுத் துண்டை எடுத்து, அடுப்பில் போடாமல், வெளியே இரண்டு செங்கல்லுக்கு நடுவில் வைத்து, நீங்கள் வழக்கமாக எப்படி மூட்டுவீர்களோ அப்படியே மூட்டுங்கள். அந்தப் புகை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். துண்டுகள் எல்லாம் வெண்சாம்பல் பூத்துப் புகையே இல்லாமல் ஆனபிறகு அந்தக் கங்குகளை இடுக்கியால் எடுத்துக் காலி அடுப்புக்குள் போட்டு மூடி, ஒரு பத்து நிமிடம் விடுங்கள், காற்றுத் துளைகள் திறந்தே இருக்கட்டும். இப்போது வாடை வந்தால் அது அடுப்புடையது, கரியுடையது அல்ல. செங்கல்லில் வைத்தபோதே வந்திருந்தால் கரி, அல்லது மூட்டிய பொருள். இரண்டு இடத்திலும் வராமல் கோழி வைத்தபோது மட்டும் வந்தால் மசாலாவையும் கொழுப்பையும் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் யார் என்ன சொன்னாலும், நான் சொன்னால்கூட, ஊகம்தான்.

சரி, ஊகத்துக்கு வருகிறேன். ஆறிய அடுப்பிலேயே வாடை இருக்கும் என்பது என் முதல் பந்தயம். தேதியைப் பாருங்கள்: கோழியும் மீனும் சுட்டு ஒரு மாதம். கோழித்தோலின் கொழுப்பு உருகிச் சொட்டும்போது எல்லாம் கங்கில் விழுந்து எரிந்துவிடுவதில்லை. பாதி ஓரமாக வழிந்து சுவரில் ஒட்டும், துளைகள் வழியாக அடியில் இருக்கும் சாம்பலில் இறங்கும். சாம்பல் பஞ்சு மாதிரி அதைக் குடித்துக்கொள்ளும். பிறகு மூடி போட்டு, அதன் மேல் உறையும் போட்டு, நம் ஊர்ச் சூட்டில் ஒரு மாதம் வைக்கிறோம். கொழுப்பு கெட்டுப்போக வேண்டியது காற்று, சூடு, நேரம். மூன்றும் கிடைத்துவிட்டது. அதோடு இரும்பும் துருவும் கொழுப்பு கெடுவதை வேகப்படுத்தும், இது உறுதியாகத் தெரிந்த விஷயம். பழைய தேங்காய் எண்ணெய்ப் போத்தலைத் திறந்தால் வருமே ஒரு சிக்கு வாடை, தொண்டையில் காரலாக இறங்கும், அதுதான். ஆறியிருக்கும்போது லேசாக இருக்கும், சூடேறியதும் பத்து மடங்காகக் கிளம்பும், அதே புகை மூடிக்குள் சுற்றி கோழியில் படியும். கோழி புதிதாகத்தான் இருக்கும், மேலே போன மாதத்துக் கொழுப்பின் ஆவி.

மீனும் சேர்ந்திருப்பதால் இன்னொன்று. திருக்கை, சுறா மாதிரி மீன்களின் சதையில் யூரியா இருக்கிறது, கடல் உப்பில் உயிர் வாழ அவற்றின் உடம்பே அப்படித்தான் அமைந்திருக்கிறது. மீன் பழசாக ஆக ஆக அந்த யூரியா உடைந்து அமோனியாவாகும். ஈக்கான் பாரி, அதாவது திருக்கை, வாங்கும்போது கழிவறை வாடை மாதிரி லேசாக அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதற்குத்தான். அந்த மீனின் சாறு அடுப்பின் அடியில் இறங்கி ஒரு மாதம் கிடந்தால் கவிச்சி வாடை வராமல் எப்படி இருக்கும்? "செத்த எலி" என்று நீங்கள் எழுதியதில் பாதி இதுவாக இருக்கலாம். அடுத்த முறை மீனை வாழை இலையில் வைத்துச் சுடுங்கள், சாறு இலையிலேயே நின்றுவிடும். புளியோ எலுமிச்சையோ சேர்ப்பது ருசிக்கு மட்டும் அல்ல, மீன் வாடையைத் தருகிற பொருள்கள் காரத் தன்மை (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரானது) உள்ளவை, புளிப்பு அவற்றை அடக்கிவிடும்.

ஆனால் நிஜமாகவே எலி இல்லை என்று பார்த்துவிடுங்கள், இதைத் தள்ளிவிடாதீர்கள். உறை போட்டு மாதக்கணக்கில் நிற்கும் கிரில் பல்லிக்கும் கரப்பானுக்கும் சுண்டெலிக்கும் நல்ல வீடு, உள்ளே கொழுப்பும் இருக்கிறது. புழுக்கை தெரிந்தால் வெறும் கையால் தொடாதீர்கள், உலர்ந்தபடியே துடைப்பத்தால் பெருக்கித் தூசி கிளப்பாதீர்கள். எலியின் சிறுநீரால் வரும் காய்ச்சல் மலேசியாவில் அபூர்வமானது அல்ல. கையுறை, முகக்கவசம், சோப்புத் தண்ணீரை நன்றாகத் தெளித்து நனைத்து, பழைய காகிதத்தால் வழித்துக் கட்டிப் போட்டுவிட்டு, பிறகு கழுவுங்கள், அதற்குப் பிறகு நன்றாகச் சூடேற்றுங்கள்.

கழுவியும் போகவில்லை என்றீர்கள். பெரும்பாலும் என்ன நடக்கிறதென்றால், மேல் கம்பியையும் கிண்ணத்தின் உள்பக்கத்தையும் தேய்ப்போம், சாம்பல் தட்டை ஒரு தட்டுத் தட்டிக் கொட்டிவிட்டு விட்டுவிடுவோம். கொழுப்பு ஒளிந்துகொள்ளும் இடங்கள் வேறு: அடியில் காற்றுத் துளையைத் திறக்கும் தகடுகளுக்கு நடுவில், சாம்பல் தட்டின் விளிம்பு மடிப்பில், கால்கள் குழாயாக இருந்தால் அதற்குள், மூடியின் உள்பக்கத்தில். மூடியின் உள்ளே கறுப்பாகத் தோல் உரிவது போலத் தெரிந்தால் பலர் பெயின்ட் உரிகிறது என்று பயப்படுகிறார்கள், பெரும்பாலும் அது வருடக்கணக்கில் படிந்த புகையும் கொழுப்பும் கரியானது. அதைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அப்புறம், கழுவிய பிறகு ஈரத்தோடு மூடி வைத்தீர்களா? அப்படியானால் கழுவியதே கெடுதலாகியிருக்கும். கரிச்சாம்பல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அந்த ஈரம் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், ஓரங்களில் பூஞ்சை பிடிக்கும். நம் ஊரில் மழைக்காலம் என்று தனியாக எதற்கு, சாயங்காலம் நாலு மணிக்குப் பெய்கிற மழையின் ஈரம் போதும்.

சுத்தம் செய்வதற்கு நான் செய்யும் வழியைச் சொல்கிறேன். சாம்பலை முழுக்க எடுத்துவிட்டு, எல்லாத் தட்டுகளையும் கழற்றி, கெட்டியாகப் படிந்ததை மரக்கரண்டியின் விளிம்பால் அல்லது பழைய தோசைத் திருப்பியால் சுரண்டிவிடுவேன். பிறகு கொஞ்சம் சலித்த சாம்பலும் சுடுதண்ணீரும் சேர்த்துக் குழைத்து, தேங்காய் நாரால் தேய்ப்பேன். தோட்டத்து வீடுகளில் பாத்திரம் கழுவிய அதே முறைதான். சாம்பலில் இருக்கும் காரம் கொழுப்போடு சேர்ந்து சவர்க்காரம் மாதிரி வேலை செய்கிறது, அதனால் இது வெறும் பழக்கம் மட்டும் அல்ல. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தோலை அரிக்கும். அலுமினியத் தட்டுக்கு மட்டும் இது வேண்டாம், காரம் அலுமினியத்தைத் தின்றுவிடும், அதற்குப் பாத்திரச் சோப்பே போதும். இரும்புக் கம்பித் தூரிகையையும் நான் விட்டுவிட்டேன். அதன் மயிர் போன்ற கம்பி ஒன்று உடைந்து கிரில்லில் ஒட்டி, இறைச்சியோடு தொண்டையில் இறங்கி மருத்துவமனைக்குப் போனவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நார் அல்லது கசக்கிய அலுமினியத் தாள் போதும். குளோராக்ஸ் மாதிரி வெளுப்பான் ஊற்றாதீர்கள். வாடை போகட்டும் என்று அதோடு வினிகரையும் சேர்த்துவிடவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

கழுவி முடித்ததும் உடனே காய வைக்க வேண்டும், வெயிலில் அல்ல, நெருப்பில். நிறையக் கரியை மூட்டி, வெண்சாம்பல் பூத்ததும் அடுப்பில் கொட்டி, கம்பியை மேலே வைத்து, மூடி போட்டு, காற்றுத் துளைகளை எல்லாம் முழுக்கத் திறந்து, முக்கால் மணி நேரம் விடுங்கள். முதல் இருபது நிமிடம் மோசமாக நாறும், பயப்பட வேண்டாம், அது வெளியே போகிற நாற்றம். பக்கத்து வீட்டில் துணி காய்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள், தரைவீட்டில் சுவர் ஒன்றுதானே. முடிந்ததும் கம்பியில் ஒரு துளி எண்ணெய் தடவுங்கள். சிலர் பாதி வெங்காயத்தைக் கம்பியில் தேய்ப்பார்கள், நானும் தேய்ப்பேன், ஆனால் வெங்காயம்தான் வாடையை எடுக்கிறதா, அல்லது சூடான கம்பியை ஈரமான எதால் தேய்த்தாலும் அதுதான் நடக்குமா என்றால், இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது மண்ணெண்ணெய்ப் பாதிக்கு வருவோம். செங்கல் சோதனையில் வாடை வந்தால் இந்தப் பகுதி உங்களுக்கு. எப்படி மூட்டுகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் வெள்ளைக் கட்டிகளாக இருந்தால், பெரும்பாலானவற்றில் இருப்பது மண்ணெண்ணெய் வகைதான், கெட்டியாக்கி விற்கிறார்கள். கட்டி முழுக்க எரிந்து முடிந்து, கரி வெண்சாம்பல் பூக்கும் வரை பொறுத்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. பசிக்கிற பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று பத்து நிமிடத்தில் கோழியை வைத்துவிட்டால்தான் அந்த நெடி நேராக இறைச்சியில் ஏறும். நடுவில் கரி குறைந்தது என்று கறுப்புக் கரியைக் கோழிக்கு அடியில் அள்ளிப் போடுவதும் அதே தப்புதான், புதுக் கரி பற்றுகிற நேரத்தில்தான் அதன் அழுக்குப் புகை எல்லாம் வரும். தனியாக மூட்டிக் கங்காக்கிச் சேர்க்க வேண்டும். நான் கட்டியும் வைப்பதில்லை, மண்ணெண்ணெயும் ஊற்றுவதில்லை. பெரிய பிஸ்கட் டின் ஒன்றின் அடியைச் சுற்றி ஆணியால் துளை போட்டு, அடியில் சமையல் எண்ணெய் தடவிய செய்தித்தாள், மேலே கரி, அவ்வளவுதான். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் மேல் துண்டுவரை கங்காகிவிடும். புது டின்னை முதல் தடவை சாப்பாடு இல்லாமல் ஒருமுறை எரித்துவிடுங்கள், வெளியே இருக்கும் அச்சு மையும் உள்பூச்சும் போகட்டும்.

கரியே மோசமாக இருக்கலாம். புதுக் கரி வாங்கினேன் என்றீர்கள், புதுசு என்பதும் நல்லது என்பதும் வேறு. நல்ல கரி என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது பேராக்கில் குவாலா செப்பத்தாங்கில் கரிச்சூளைகளைப் பார்த்த பிறகுதான். மாத்தாங் அலையாத்திக் காட்டிலிருந்து பாக்காவ் மரத்தை வெட்டி, பட்டையை உரித்து, பெரிய கவிழ்த்த சட்டி மாதிரியான செங்கல் சூளைக்குள் நிறுத்தி, கிட்டத்தட்ட ஒரு மாதம் வைக்கிறார்கள். மரம் எரிவதில்லை, வேகிறது. தண்ணீரும் புளிப்பு ஆவியும் தாரும் மெல்ல வெளியேறும். வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைச் சூளைக்காரர் துளையில் வரும் புகையின் வாடையையும் சூட்டையும் வைத்தே முடிவு செய்கிறார். நம் விஷயத்துக்கு இதுதான் முக்கியம்: சூளையில் முழுக்க வெளியேறாத அந்தத் தாரும் ஆவியும் கரிக்குள்ளேயே மிச்சம் இருந்தால், அது உங்கள் வீட்டு அடுப்பில் வெளியேறும். கண் எரியும், தொண்டை கமறும், கோழியில் கசப்பாக ஒட்டும். இதைக் கண்டுபிடிக்கக் கடையிலேயே வழி இருக்கிறது. நன்றாக வெந்த கரியை இரண்டு துண்டாகத் தட்டினால் உலோகம் மாதிரி கணீர் என்று கேட்கும், உடைத்தால் உள்ளே ஒரே கறுப்பாகப் பளபளக்கும். பொத் என்று கேட்டாலோ, உள்ளே பழுப்பு நிறமாக மரம் தெரிந்தாலோ, அது பாதி வெந்தது.

அச்சில் அழுத்திய கட்டிக்கரி வேறு கதை. சிரட்டைக் கரித்தூளை மரவள்ளி மாவில் பிடித்து அழுத்தியது நல்ல சரக்கு, வாடையே இல்லாமல் நீண்ட நேரம் நிற்கும். ஆனால் சில மலிவான கட்டிகளில் நிலக்கரித் தூள், சுண்ணாம்பு, மண் என்று எதையாவது சேர்க்கிறார்கள். நிலக்கரியில் கந்தகம் இருப்பதால் தீக்குச்சி கிழித்தபோது வருகிற மாதிரி ஒரு நெடி வரும். எரிந்து முடிந்தபிறகு சாம்பலைப் பாருங்கள், போட்ட கரிக்குச் சம்பந்தமே இல்லாமல் மலையாகக் கிடந்தால், நிறைய எரியாத நிரப்புச் சரக்கு இருந்தது என்று அர்த்தம். சின்னத் தீப்பொறியிலேயே பற்றிக்கொள்ளும் என்று விற்கிற கரிகளில் வேகமாகப் பற்றவைக்கும் பொருள் சேர்த்திருப்பார்கள், அதைச் சாப்பாட்டுக்கு நான் வாங்குவதில்லை.

இன்னொன்று, கரி தன்னைச் சுற்றி இருக்கும் வாடையை உறிஞ்சும். வடிகட்டிகளிலும் குளிர்சாதனப் பெட்டியிலும் அதனால்தானே வைக்கிறார்கள். இதை நான் கஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆறு வருடம் முன்பு பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணம், ஜெனரேட்டருக்கு வாங்கிய டீசல் டின்னும் கரி மூட்டைகளும் ஒரே வேனில் ராத்திரி முழுக்க இருந்தன. டின்னின் மூடி சரியாக இறுகவில்லை. ஒரு சொட்டுக்கூட மூட்டையில் படவில்லை, ஆவி மட்டும்தான். காலையில் கரியைத் தொட்டால் காய்ந்துதான் இருந்தது, மூட்டிய பிறகும் எங்களுக்குப் பெரிதாக எதுவும் தெரியவில்லை, ராத்திரி முழுக்க வேனில் இருந்த எங்கள் மூக்கு அந்த வாடைக்குப் பழகியிருந்தது. முதல் தட்டு போனதும் பெண்ணின் தாய்மாமா நேராக அடுப்படிக்கு வந்து, ஒரு துண்டை என் கையில் கொடுத்து, "தம்பி, நீங்களே சாப்பிட்டுப் பாருங்க" என்றார். சாப்பிட்டேன். அன்றைக்கு எண்பது கிலோ கோழியில் முப்பது கிலோவை ஒதுக்கி வைத்துவிட்டு, பக்கத்துக் கடையில் கரி வாங்கி மறுபடியும் ஆரம்பித்தோம். சாப்பாடு ஒன்றரை மணி நேரம் தாமதம். அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டதோடு பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன், இன்றும் அந்தப் பக்கம் போனால் மனசு கனக்கும். அதனால் கேட்கிறேன்: உங்கள் புதுக் கரி எங்கே இருக்கிறது? போர்ச்சில் பெயின்ட் டின், தின்னர், புல்வெட்டும் இயந்திரத்தின் பெட்ரோல், உரமூட்டை, பாச்சை உருண்டை, இதில் எது பக்கத்தில் இருந்தாலும் கரியை மாற்றி, மூடி உள்ள வாளியில் தனியாக வையுங்கள். ஈரமானால் ஒரு வெயில் காய வைத்தால் சரியாகிவிடும், பெட்ரோல் வாடை ஏறியது சரியாகாது, கொட்டிவிடுங்கள்.

இறைச்சி வைத்தபோது மட்டும் வாடை வருகிறது என்றால் கதை எளிது. சர்க்கரை, தேன் சேர்த்த சாத்தே மசாலா கருகினால் கசக்கும், கொழுப்பு கங்கில் விழுந்து கொழுந்து விட்டால் வருகிற புகை கண்ணைக் குத்தும். கோழியை நேர் நெருப்பிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி, கங்கை ஒரு பக்கமாகக் குவித்துச் சுட்டால் பாதிப் புகை குறைந்துவிடும். காற்றுத் துளையை மூடி நெருப்பை அடக்கப் பார்க்காதீர்கள், காற்று குறைந்தால் வெள்ளையாக அடர்த்தியாகப் புகை வரும், கெட்ட ருசி எல்லாம் அதில்தான். கண்ணுக்கு அரைகுறையாகத் தெரிகிற மெல்லிய நீலப்புகைதான் நமக்கு வேண்டியது.

பிள்ளைகள் பற்றிய கேள்விக்கு. கெட்டுப்போன கொழுப்பும் பூஞ்சையும் அருவருப்பானவை, வயிற்றைக் கெடுக்கலாம், ஆனால் மேலே சொன்னபடி சுத்தம் செய்து எரித்துவிட்டால் அடுப்பில் அதன் மிச்சம் இருக்காது. அடுப்பைத் தூக்கிப் போட வேண்டிய, அல்லது அந்தப் பாகத்தையாவது மாற்ற வேண்டிய சந்தர்ப்பங்கள் சில உண்டு. கரி வைக்கும் அடித்தட்டு இற்றுப்போய், ஹார்ட்வேர் கடையில் வாங்கிய நாகம் (துத்தநாகம், ஜிங்க்) பூசிய வலையை வைத்தீர்களா என்று பாருங்கள். நாகம் பூசிய இரும்பை வெல்டிங் செய்பவர்களுக்கு அந்தப் புகையால் குளிர்காய்ச்சல் வருவது உறுதியான விஷயம். வீட்டு கிரில்லில் அந்த அளவுக்கு வருமா என்பது சந்தேகம்தான், நாகம் ஆவியாக 907 டிகிரி வேண்டும், காற்று வாங்கிய கங்கு மட்டும்தான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். ஆனாலும் கங்கு நேராக அதன் மேல் உட்காருகிறது, நான் வைக்க மாட்டேன். கரியோடு பழைய பலகைத் துண்டு, பழப்பெட்டி, சரக்கு அடுக்கும் கப்பல் பலகை (பேலட்) எதையும் சேர்த்து எரித்தீர்களா? எம்பி (MB) என்ற இரண்டு ஆங்கில எழுத்து குத்தப்பட்ட பலகை மெத்தில் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லி வாயுவில் வைக்கப்பட்டது. பச்சை நிறம் ஏறிய, கறையான் பிடிக்காத மரத்தில் ஆர்செனிக் இருக்கக்கூடும், அதன் சாம்பல்கூட வேண்டாம். உறையை அடுப்பு சூடாக இருக்கும்போதே போட்டு, பிளாஸ்டிக் எங்காவது உருகி ஒட்டியிருக்கிறதா என்றும் மூடியின் வெளிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் ஆறியபிறகு சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மூட்ட வேண்டும், எரித்துப் போக்கப் பார்க்காதீர்கள்.

இவ்வளவு எழுதியும் நான் உங்கள் வீட்டில் ரொம்ப பயப்படுவது வாடையே இல்லாத ஒன்றுக்குத்தான். எரிகிற கரி கார்பன் மோனாக்சைடை வெளியிடுகிறது, அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை நின்று, நெடி போய், அழகாகச் சிவந்திருக்கும் கங்குதான் அதை நிறைய விடுகிறது. மழை வந்துவிட்டது என்று அடுப்பை வீட்டுக்குள் இழுத்து வைப்பது, கேமரன் மலையில் குளிருகிறது என்று கூடாரத்துக்குள் கொண்டுபோவது, கொண்டோ பால்கனியில் கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சுடுவது, இது எதுவும் வேண்டாம். உங்கள் போர்ச் மூன்று பக்கம் திறந்திருந்தால் பரவாயில்லை. கூரை போட்டு, பக்கச்சுவர் எழுப்பி, கேட்டுக்கும் பாலிகார்பனேட் தகடு அடித்து மூடிய போர்ச்சாக இருந்தால் அடுப்பை வெளியே தள்ளி வையுங்கள். யாருக்காவது தலைவலி, மயக்கம், வாந்தி வந்தால் மசாலாவைச் சந்தேகப்படுவதற்கு முன் எல்லாரையும் திறந்த வெளிக்குக் கொண்டுவாருங்கள், 999-க்கு அழையுங்கள்.

ஆக, இப்போதைக்கு அடுப்பைத் தூக்கிப் போட வேண்டாம். இந்த வாரம் செங்கல் சோதனையைச் செய்யுங்கள், அதன் பிறகு சாம்பல் தட்டிலிருந்து சுத்தத்தை ஆரம்பியுங்கள், மேலிருந்து அல்ல. இனிமேல் ஒவ்வொரு முறை சுட்டு முடித்ததும் மூடி போட்டுத் துளைகளைத் திறந்து கால் மணி நேரம் எரியவிட்டு, மறுநாள் முழுக்க ஆறியதும் சாம்பலை எடுத்துவிடுங்கள். எடுத்த சாம்பலை உடனே குப்பைத்தொட்டியில் போடாதீர்கள், உள்ளே ஒளிந்திருக்கும் கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும், மூடி உள்ள இரும்பு டின்னில் இரண்டு நாள் வையுங்கள். செய்து பார்த்துவிட்டு, வாடை எந்தக் கட்டத்தில் வந்தது, எப்படி மூட்டுகிறீர்கள், கரி எங்கே வைத்திருக்கிறீர்கள், இந்த மூன்றையும் எழுதுங்கள். அப்போது இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியும்.